பதினெட்டாம் மைல் டெலிபோன்

காலை எட்டு மணிக்கு லீலாபாய் டெலிபோன் பெட்டியின் கைப்பிடியை மூன்று முறை சுழற்றினாள். தினமும் செய்வதுதான். நெய்யாற்றின்கரை எக்ஸ்சேஞ்சில் ஸ்ரீகுமாரி எடுப்பாள். லைன் உண்டா என்று இவள் கேட்பாள். உண்டு என்று அவள் சொல்வாள். அரசாங்கத்துக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்குமேல் இரண்டு நிமிடம் அவர்கள் இருவருக்கும் சொந்தமாக இருந்தது. ஸ்ரீகுமாரியின் மகனுக்கு இரண்டாவது பல் முளைத்ததும், அதியன்னூரில் அவள் வீட்டு மச்சில் மரநாய் குடியேறியதும், லீலாபாயின் மாமியார் கோபித்துக்கொண்டு பூவாரில் மகள் வீட்டுக்குப் போனதும் அந்தக் கம்பி வழியாகத்தான் போய் வந்தன. ஒன்றரை வருடமாகப் பேசுகிறார்கள். ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்ததில்லை.

அன்று ஸ்ரீகுமாரி, "பதினெட்டாம் மைல், லைன் உண்டு," என்றாள். பிறகு, "நிங்ஙள்க்கு வேறெ எந்தெங்கிலும் பறயானுண்டோ?" என்று, வேறு ஏதாவது சொல்ல உண்டா என்பதுபோலக் கேட்டாள்.

அவள் இதுவரை நீ என்றுதான் பேசியிருக்கிறாள். நிங்ஙள் என்ற மரியாதை லீலாபாயின் காதில் வேறு யாருக்கோ சொன்னதுபோல விழுந்தது. கம்பியின் மறுமுனையில், ஸ்ரீகுமாரிக்குப் பின்னால், ஓர் ஆண் தொண்டையைச் செருமினான். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"ஒண்ணுமில்ல," என்று சொல்லி லீலாபாய் வைத்துவிட்டாள்.

எக்ஸ்சேஞ்சில் போலீஸ் வந்து உட்கார்ந்துவிட்டது. வரும் என்று நான்கு நாட்களாகப் பேச்சு இருந்தது. இனி இந்தக் கம்பியில் போகும் ஒவ்வொரு சொல்லையும் மூன்றாவது ஆள் ஒருவன் கேட்பான். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். கை ஈரமாக இல்லை.

மார்த்தாண்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தி ஒன்பது நாள் ஆகியிருந்தது. செத்தவர்களின் எண்ணிக்கையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலம் போனவர்களைத் தேடி வீடுவீடாகப் போலீஸ் ஏறி இறங்கியது. நெய்யாற்றின்கரைத் தாலுகா எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியவில்லை. பாறசாலையில் ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி மறுபக்கமும் நின்றார்கள். ரோடு மட்டும் முன்போலவே திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே கிடந்தது. அந்த ரோட்டில் விடியற்காலை நாலு மணிக்கு அவளுடைய கணவன் ராஜதாஸ் லாரியை எடுத்துக்கொண்டு தெற்கே போயிருந்தான். உப்பு ஏற்றி வர வேண்டும். போக வேண்டாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். உப்புக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது, போய் ஏற்றிக்கொண்டு வா என்று லாரி முதலாளி சொல்லிவிட்டாராம். ராஜதாஸ் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். சாயங்காலம் ஐந்து மணிக்குள் வந்துவிடுவேன் என்றான்.

டெலிபோன் வந்தது இரண்டு வருடங்களுக்கு முந்தைய ஒரு விபத்தினால். பதினெட்டாம் மைல் கல்லை ஒட்டிய இந்த வளைவில் ஒரு பஸ் சாய்ந்து குளத்தில் இறங்கியது. உதியன்குளங்கரைக்கு ஓடிய ஆள் அங்கிருந்து சைக்கிள் வாங்கி நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள், கரையில் மூச்சோடு கிடத்தியிருந்தவர்களில் நான்கு பேர் போய்விட்டார்கள். ஊர்க்காரர்கள் மனு எழுதினார்கள். தமிழிலும் மலையாளத்திலுமாக முந்நூறு கையெழுத்து. இரண்டு கூட்டத்தாரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட கடைசிக் காகிதம் அதுதான். வளைவை ஒட்டிய சபை வளாகத்தில், சவவண்டி நிறுத்தும் சின்ன அறையைப் போதகர் ஒதுக்கிக் கொடுத்தார். சவவண்டி பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போயிற்று. பெட்டி சுவரில் ஏறியது. பார்த்துக்கொள்ள யாரை வைப்பது என்பதில் தகராறு வந்தபோது, மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புவரை இரண்டு மொழியும் படித்த லீலாபாயைச் சொன்னார்கள். அவள் வீடு ரோட்டுக்கு எதிரே இருந்தது. அவளுக்குப் பிள்ளை இல்லை என்பதையும் ஒரு தகுதியாக யாரோ சொன்னார்கள்.

வாசலில் அவசர டெலிபோன் என்று மூன்று மொழிகளில் பலகை மாட்டியிருந்தது. ஆனி மாதத்தில் ஒரு நாள் தமிழ் வரியில் தார் பூசியிருந்தது. மறுவாரம் மலையாள வரியிலும் பூசினார்கள். இப்போது ஊரில் ஏழெட்டுப் பேர் மட்டும் படிக்கத் தெரிந்த இங்கிலீஷ் வரி மிச்சம் இருந்தது.

அறைக்குள் பெட்டிக்குப் பக்கத்தில் அச்சடித்த ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் நான்கு கேள்விகள். எந்த மைல். எத்தனை பேருக்குக் காயம். எந்த வாகனம், நம்பர் என்ன. வாகனம் அங்கே நிற்கிறதா. நான்குக்கும் பதில் இருந்தால் எக்ஸ்சேஞ்ச் நேராக ஆஸ்பத்திரிக்குச் சொல்லும், வேன் புறப்படும். ஒன்று குறைந்தாலும் முதலில் போலீஸ். போலீஸ் வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் வேன். விளையாட்டுக்குக் கூப்பிடுகிறவர்களைத் தடுக்கவே அப்படி எழுதினார்கள். முன்பெல்லாம் ஸ்ரீகுமாரி கேள்வி கேட்பதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்கு மணி அடித்துவிடுவாள். ஒரு மாதமாக அந்தத் தாள் சட்டமாகிவிட்டது. ஆடி கடைசியில், ஊர்வலம் போன ராஜையா கண்ணில் கல் பட்டு வந்தான். வாகனம் எது என்ற கேள்விக்குப் பதில் இல்லை. போலீஸ் வந்தது, ஏற்றிக்கொண்டு போனது, ஒரு பகலும் ஒரு இரவும் உட்காரவைத்துப் பெயர்களைக் கேட்டது. ராஜையாவுக்கு இப்போது இடது கண் மட்டும்தான்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மழை சற்று விட்டிருந்தது. மரச்சீனிக் கிழங்கு வண்டியின் சக்கரம் கிறீச்சிடும் சத்தம் கேட்டு அவள் வெளியே வந்தாள். அவளுடைய தம்பி யோசுவா கைவண்டியைத் தள்ளிக்கொண்டு தோட்டத்து வழியாக வந்தான். ரோட்டு வழியாக வரவில்லை. வண்டியில் செல்லையன் படுத்திருந்தான். அவனுடைய வண்டிதான். வீடுவீடாகக் கிழங்கு விற்கிற ஆள். அவனது வலது கால் தொடைக்குக் கீழே வேறு திசையைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அடியில் விரித்த சாக்கு நனைந்து கறுத்திருந்தது.

"எலே மக்கா, மெள்ள," என்றான் செல்லையன். "நான் கிழங்கக்கூட இப்பிடி தள்ளமாட்டேன்."

"மாமா, மிண்டாம கெடயும்," என்றான் யோசுவா. பிறகு அவளிடம், "அக்கா, ஆஸ்பத்திரி வேன கூப்பிடு. வெரசா," என்றான்.

"என்ன ஆச்சு?"

"செத்தவங்களுக்காக மவுன ஊர்வலம் போனோம். போலீஸ் தொரத்திச்சு. கலுங்குல இருந்து கீழ விழுந்திட்டாரு. கல்லுக்க மேல."

ரோட்டுக்கு அடியில் ஓடைத் தண்ணீர் போகும் அந்தக் கலுங்கு இரண்டு ஆள் உயரம் இருக்கும். செல்லையனின் முழங்கையிலும் வேட்டியிலும் பச்சைப் பாசி அப்பியிருந்தது.

"நீரு எதுக்கு ஓய் ஊர்வலத்துக்கு போனீரு?" என்று கேட்டாள் லீலாபாய். கேட்கும்போதே அவனுடைய தொடைக்கு மேல் துண்டை இறுக்கிக் கட்டினாள்.

"கொடி பிடிக்க ஒரு நெடிய ஆளு வேணும்னாவ. நான் நெடிய ஆளுல்லா," என்றான் அவன். உதடு வெளுத்திருந்தது. துண்டு கட்டி முடிப்பதற்குள் அது நனைந்தது.

போன வெள்ளிக்கிழமை யோசுவா இதே வாசலில் குறடோடு நின்றான். இந்தக் கம்பி போலீசுக்குக் காதாக்கும், அறுக்கப்போகிறேன் என்றான். அவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். குளத்தங்கரையில் கிடத்தியிருந்த நான்கு பேரையும் அவன் பார்க்கவில்லையா என்று கேட்டாள். அவன் திரும்பிப் போனான். இப்போது அவன் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அறுத்திருந்தா நீ இப்பம் என்ன செய்வா?" என்றாள்.

"அக்கா, அத பின்ன பேசலாம்."

"எக்ஸ்சேஞ்சுல போலீஸ் இருக்கு. காலத்தே மனசிலாச்சு. ஓடி விழுந்தாருன்னு சொன்னா முதல்ல அவங்க வருவாங்க. ராஜையாவ கொண்டுபோனது போல கொண்டுபோவாங்க."

"வண்டி இடிச்சதுன்னு சொல்லு."

அவள் தாளைப் பார்த்தாள். நான்கு கேள்விகளும் மனப்பாடம். ஆனாலும் பார்த்தாள். செல்லையன் இப்போது எதுவும் சொல்லாமல் கிடந்தான். அவன் பேசிக்கொண்டிருந்தபோது இருந்த தைரியம் அவன் பேசாதபோது அவளுக்கு இல்லை. கைப்பிடியைச் சுழற்றினாள்.

"எக்ஸ்சேஞ்ச்," என்றாள் ஸ்ரீகுமாரி.

"அவசரம். பதினெட்டாம் மைல். ஒரு ஆளுக்கு கால் ஒடிஞ்சு ரத்தம் நிக்கல்ல."

"வாகனம் ஏது?"

"லாரி."

"லாரி அவிடெ உண்டோ?"

"இல்ல. இடிச்சிட்டு நிக்காம போச்சு."

"நம்பர்?"

லீலாபாய் இதை யோசித்து வைத்திருக்கவில்லை. லாரி என்று சொன்னால் நம்பரும் கேட்பார்கள் என்று தெரியும். ஆனாலும் நம்பர் தானாக வந்துவிடும் என்று நினைத்ததுபோல அவள் கைப்பிடியைச் சுழற்றிவிட்டாள். கம்பியின் மறுமுனையில் பேனா காத்திருந்தது. பார்க்கவில்லை என்று சொன்னால் போலீஸ் முதலில் வரும். செல்லையனின் கை வண்டிச் சட்டத்தைப் பிடித்திருப்பதும், விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்வதும் கதவு வழியே தெரிந்தது. வாயைத் திறந்தாள்.

"ரெண்டு, ஏழு, ஒண்ணு, மூணு."

நம்பர் தானாகத்தான் வந்தது. எத்தனையோ தடவை இதே குழாயில் சொன்ன நம்பர். ராஜதாஸ் வரத் தாமதமானால் அவள் ஸ்ரீகுமாரியிடம் கேட்பாள். ஸ்ரீகுமாரி குழித்துறை எக்ஸ்சேஞ்சிடம் கேட்பாள். அங்கே ஜன்னலில் உட்கார்ந்தால் ரோடு தெரியும். 2713 கடந்துவிட்டது, ஒரு மணிநேரத்தில் வருவார் என்று பதில் வரும்.

மறுமுனையில் பேனா எழுதவில்லை. மூச்சு மட்டும் இருந்தது.

"லீலே," என்றாள் ஸ்ரீகுமாரி, மிகவும் மெல்ல. பிறகு குரலை உயர்த்தி, "நம்பர் ஒண்ணுகூடெ பறயு. செரிக்கு கேட்டில்லா," என்றாள்.

நன்றாகக் கேட்டிருந்தது. லீலாபாய்க்கு அது தெரியும். நம்பரை மாற்றிக்கொள்ள ஸ்ரீகுமாரி இடம் கொடுக்கிறாள். ஓர் எண்ணை மாற்றினால் போதும். மூன்றை எட்டு என்று சொன்னால் போதும். 2718 என்று ஒரு லாரி எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். கொல்லத்திலோ கோட்டயத்திலோ, அல்லது இந்த ரோட்டிலேயே. அதன் டிரைவர் எங்காவது நிறுத்திச் சாயா குடித்துக்கொண்டிருப்பான். அவனுக்கும் வீட்டில் யாராவது ஐந்து மணிக்கு வருவான் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். எந்த நான்கு எண்ணைச் சொன்னாலும் அது ஒருவனுடைய வண்டி. அதோடு, ஸ்ரீகுமாரிக்குப் பின்னால் இருக்கிறவன் முதல் தடவையே எழுதியிருப்பான். மாற்றிச் சொன்னால் ஏன் மாறியது என்று கேட்பான்.

"ரெண்டு, ஏழு, ஒண்ணு, மூணு," என்று மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவை அது தானாக வரவில்லை.

"வேன் வருந்நு," என்றாள் ஸ்ரீகுமாரி. லைன் போயிற்று.

யோசுவா அவளைப் பார்த்தபடி நின்றான்.

"அது அத்தானுக்க வண்டி நம்பருல்லா."

"ஆமா."

"என்ன செய்து வச்சிருக்கா நீ?"

"எனக்கு வேற நம்பர் வரல்ல."

"ரெண்டாமத்த தடவ கேட்டாளே. அப்பம் மாத்தியிருக்கலாமே."

யோசுவா வெளியே போய்க் கம்பத்தை அண்ணாந்து பார்த்தான். நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த கம்பி இந்த அறைக்கு ஒரு கிளையை இறக்கிவிட்டுத் தெற்கே குழித்துறைக்குப் போனது.

"குறடு எடுத்திட்டு வாறேன்," என்றான். "தெக்க போற கம்பிய அறுத்தா குழித்துறைக்கு நம்பர் போவாது. அத்தான் எங்கயும் மாட்டாம இஞ்ச வந்து சேருவாரு."

அவள் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வாரத்துக்கு முன் வாசலை மறித்த அதே இடத்தில் நின்றுகொண்டு, எவ்வளவு நேரத்தில் அறுப்பான் என்று யோசித்தாள். கம்பத்தில் ஏற ஐந்து நிமிடம். இறங்க ஐந்து நிமிடம். பிறகு தெற்கே கலுங்குக்கு அப்பால் ஒரு பஸ் சாய்ந்தால், களியக்காவிளைக்கு இப்பால் ஒரு பிள்ளை சக்கரத்தில் விழுந்தால், யாராவது குழித்துறையில் கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். அவளுக்குத் தன்மேல் வெறுப்பாக இருந்தது. யோசித்ததற்கா, யோசித்தும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்ததற்கா என்று தெரியவில்லை.

"வேண்டாம்," என்றாள். "நீ இஞ்ச நிக்காத. வேனுக்கு பொறகே போலீசும் வரும். தோட்டத்து வழியா தெக்க போ. அவருக்க வண்டிய கண்டா நிறுத்தி சொல்லு."

"என்னன்னு சொல்ல? ஒமக்க பெண்டாட்டி ஒம்ம போலீசுல பிடிச்சு குடுத்திட்டாள்ன்னா?"

"அப்பிடியே சொல்லு."

அவன் போனான். வாழைகளுக்கு நடுவே சட்டை இரண்டு முறை வெள்ளையாகத் தெரிந்தது. செல்லையன் கண்ணைத் திறக்காமல், "பாவம், நல்ல டிரைவராக்கும் ராஜதாஸ்," என்றான். "ஒரு கோழியக்கூட இடிச்சதில்ல."

வேன் இருபது நிமிடத்தில் வந்தது. கம்பவுண்டர் சதாசிவன் இறங்கினான். நாற்பது வயது இருக்கும். இந்த ரோட்டில் அள்ளாத உடம்பு இல்லை என்று அவனே சொல்லிக்கொள்வான். அவன் செல்லையனின் காலைப் பார்த்தான், துண்டுக் கட்டைப் பார்த்துத் தலையாட்டினான். பிறகு முழங்கையைத் திருப்பி, அதில் அப்பியிருந்த பச்சையை விரலால் வழித்தான்.

"லாரி இடிச்சதா?"

"ஆமா," என்றாள் லீலாபாய்.

"கொள்ளாம், நல்ல பாசி பிடிச்ச லாரி." விரலை வேட்டியில் துடைத்தான். "டிரைவர் ஆரெந்நு அறியுமோ?"

"தெரியாது."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்து, டெலிபோன் பதிவுப் புத்தகத்தில் அவள் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துத் தன் தாளில் அப்படியே எழுதிக்கொண்டான். லாரி. நம்பர். நிற்கவில்லை. "எழுதினதுபோலெ ஞானும் எழுதி," என்றான். "செல்லையா, வழியில சோதிச்சா லாரிண்ணு பறயணும். கலுங்குண்ணு பறஞ்சா காலு ரெண்டும் போகும். கேட்டோ?" செல்லையனைத் தூக்கி ஏற்றும்போது அவன் முதல் முறையாகக் கத்தினான். அந்தச் சத்தம் வேன் போன பிறகும் சற்று நேரம் வளைவில் நின்றது.

செல்லையனை வேன் கொண்டுபோய்விட்டது. அவன் பிழைப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. அதில் சந்தோஷம் இருந்திருக்க வேண்டும். அவள் கைவண்டியை ஓரமாக நகர்த்தி, சாக்கைச் சுருட்டி, ரோட்டில் சொட்டியிருந்த இடத்தில் மண் அள்ளிப் போட்டாள். பிறகு அறைக்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். நடந்ததை முதலிலிருந்து ஒழுங்காக நினைத்துப் பார்க்க முயன்றாள். அமரவிளைப் பாலத்தில் சோதனை இருக்கிறது. உதியன்குளங்கரைச் சந்திப்பில் கூடாரம் போட்டு ரிசர்வ் போலீஸ் நிற்கிறது. வண்டியைப் பிடிப்பார்கள். ராஜதாஸ் ஒன்றும் தெரியாமல் சிரிப்பான். அவனுக்கு எதைக் கண்டாலும் முதலில் சிரிப்புதான் வரும். அந்தச் சிரிப்பைக் கண்டு அடிப்பார்கள். தகவல் கொடுத்தது யார் என்று சொல்வார்கள். அவள் எழுந்து போய், நம்பரைத் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று சொல்லலாம். அப்படியானால் சரியான நம்பர் என்ன என்று கேட்பார்கள். லாரியே இல்லை என்று சொன்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிற செல்லையனிடம் போவார்கள். செல்லையன் ஒரு நாள் தாங்குவான். மறுநாள் வண்டி தள்ளியவன் பெயரைச் சொல்வான். எந்தப் பக்கம் இழுத்தாலும் அவளுடைய ஆள் ஒருவன் வந்தான்.

குழித்துறைக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்து மணி அடித்தால், ஒரே கம்பி என்பதால், இங்கும் பெட்டிக்குள் மணியின் நாக்கு லேசாக நடுங்கும். அடிக்காது, நடுங்க மட்டும் செய்யும். வேறு யாருக்கும் அது கேட்காது. அவளுக்குக் கேட்கும். இரண்டரையிலிருந்து அவள் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று மணி ஆயிற்று. நடுங்கவில்லை. மழை மறுபடியும் பிடித்தது. ஓட்டின்மேல் விழும் சத்தத்தில் தவறவிட்டிருப்போமோ என்று பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். மரம் குளிர்ந்திருந்தது. நடுக்கம் இல்லை.

மூன்றேமுக்காலுக்கு மணி அவளுக்கே அடித்தது.

"பதினெட்டாம் மைல்," என்றாள்.

"எக்ஸ்சேஞ்சில்நிந்நாணு," என்றாள் ஸ்ரீகுமாரி. தாளைப் பார்த்துப் படிப்பதுபோலப் பேசினாள். "அறிவிப்பு உண்டு. குழித்துறை லைன் கிட்டுந்நில்லா. மழையாணு. நம்பர் அங்ஙோட்டு கொடுக்கான் பற்றியில்லா. அமரவிளைப் பாலத்துக்கும் உதியன்குளங்கரைக்கும் ஆள் நேரிட்டு போயிட்டுண்டு, சைக்கிளில். மனசிலாயோ?"

லீலாபாய்க்குப் புரிந்தது. குழித்துறைக்கு ஸ்ரீகுமாரி ஒருமுறைகூட மணி அடிக்கவில்லை. பின்னால் ஆளை வைத்துக்கொண்டு, கைப்பிடியைச் சுழற்றுவதுபோலக் காட்டிவிட்டு, லைன் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். எவ்வளவு நேரம் சொல்வாள் என்று தெரியாது. பிடிபட்டால் அவள் கதி என்ன என்றும் தெரியாது. ஏன் கணவனின் நம்பரைச் சொன்னாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. என்ன நினைத்துக்கொண்டிருப்பாள்?

"மனசிலாச்சு," என்றாள் லீலாபாய். பிறகு, சொல்லக்கூடிய ஒரே சொல்லாக, "லைன் உண்டோ?" என்று கேட்டாள்.

"உண்டு," என்றாள் ஸ்ரீகுமாரி. வைத்துவிட்டாள்.

லீலாபாய் குடை எடுக்காமல் ரோட்டுக்கு வந்தாள். நான்கு மணியிலிருந்து ரோட்டில் நின்றாள். தெற்கேயிருந்து இரண்டு பஸ்கள் ஆளில்லாமல் போயின. போலீஸ் ஜீப் ஒன்று வேகத்தைக் குறைத்து, நனைந்து நிற்கும் பெண்ணைப் பார்த்துவிட்டுத் தெற்கே போனது. யோசுவா திரும்பவில்லை. அவன் லாரியைக் கண்டானா, அல்லது அவனை யாராவது கண்டார்களா என்பதற்கு எந்த அடையாளமும் வரவில்லை. நாலரைக்கு, கலுங்குக்கு அப்பால் ஏற்றத்தில் கியர் மாறும் சத்தம் கேட்டது. ராஜதாஸ் அந்த ஏற்றத்தில் மற்றவர்களைவிடத் தாமதமாகத்தான் கியர் மாற்றுவான். அவள் நடுரோட்டில் போய் நின்றாள்.

லாரி நின்றது. தார்ப்பாய் போட்டு இறுக்கிய உப்பு மூட்டைகளிலிருந்து தண்ணீர் ஒழுகியது. ராஜதாஸ் கதவுக்கு வெளியே தலையை நீட்டிச் சிரித்தான்.

"என்னவாக்கும்? சக்கரத்துல சாவதுக்கு வேற வண்டி கெடைக்கல்லியா?"

"யோசுவாவ வழியில கண்டியளா?"

"இல்ல. எதுக்கு?"

"ரெண்டு மணிக்கு இஞ்ச நீங்க ஒரு ஆள இடிச்சிட்டு நிக்காம போனிய."

"நானா? ரெண்டு மணிக்கு நான் உப்பளத்துல மூட்டை ஏத்திட்டு நிக்கேன். எவன் பறஞ்சான்?"

"நான்தான்."

அவன் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுவிட்ட சிரிப்பு. அவள் நாலு வாக்கியத்தில் சொன்னாள். செல்லையன், கலுங்கு, நான்கு கேள்விகள், சைக்கிளில் போன ஆள். அவன் இறங்கி வந்தான். வடக்கே பார்த்தான். உதியன்குளங்கரை அரை மைல். அந்தச் சந்திப்பைத் தாண்டினால் இடது பக்கம் பூவார் ரோடு. அங்கே திரும்பிவிட்டால் பாலத்துக்குப் போக வேண்டியதில்லை. தென்னந்தோப்புகளுக்குள் அவன் தங்கை வீட்டில் வண்டியை நிறுத்தலாம். ஆனால் சந்திப்பைத் தாண்ட வேண்டும். தெற்கே திரும்பினால் ஜீப். நின்றால் இங்கேயே பிடிப்பார்கள். தெற்கே ஜீப்பின் சத்தம் மறுபடியும் கேட்பதுபோல அவளுக்கு இருந்தது. கேட்கவில்லை.

"நம்பருக்கு வேற ஏதாவது நாலு அக்கம் பறஞ்சிருக்கலாம்லா?" என்றான். கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியதுபோலக் கேட்டான்.

"அதுவும் ஒருத்தருக்க வண்டியாக்கும்."

அவன் அவளைப் பார்த்தான். ஏறி உட்கார்ந்தான். எஞ்சின் நடுங்கிக்கொண்டே இருந்தது.

அவள் ரோட்டோரப் பள்ளத்தில் இறங்கிச் செம்மண் சேற்றை இரண்டு கையாலும் அள்ளி, பின்பக்க நம்பர் பலகையில் அப்பினாள். பிறகு முன்னால் ஓடிவந்து குனிந்து அப்பினாள். மழை நேராக அதில் அடித்தது. இரண்டு முதலில் வெளியே வந்தது. அதை மூடினாள். ஏழின் கொம்பிலிருந்து சேறு வழிந்தது. மறுபடியும் பள்ளத்துக்குப் போனாள், அள்ளினாள், வந்தாள். அதற்குள் மூன்று வெள்ளையாகத் தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ராஜதாஸ் கியரில் கை வைத்துக் காத்திருந்தான். அவள் பலகையின்மேல் சேற்றோடு உள்ளங்கைகளை வைத்து அழுத்திப் பிடித்தாள். எஞ்சினின் நடுக்கம் கைகள் வழியே தோள்வரை ஏறியது. விரல்களுக்கு நடுவே சிவப்பாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது.